வராத ஏப்பம்

சின்னமனூரைத் தாண்டி ஓடைப்பட்டி ரோட்டில் திரும்பியதும் வைகுண்டராஜ் காரை நடக்க விட்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "குலுங்குச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த கௌமாரிக்கு வயிற்றுத் தையல் வலித்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது. தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மனிதர், நல்ல வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் பெண்டாட்டி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தார் என்றால் சும்மாவா?

நெஞ்செரிச்சல் அவளுக்குக் கல்யாணத்தோடு வந்தது. புதுப்பெண்ணாகத் தேனிக்கு வந்த முதல் மாதமே ஆரம்பித்து, பதினோரு வருஷமாக விடவில்லை. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். உட்கார்ந்தபடியே தூங்குவாள். வாய்வு நெஞ்சில் அடைத்துக்கொண்டால் மார்பைத் தட்டித் தட்டி ஏப்பம் விட்டால்தான் மூச்சு வரும். வேறு புருஷனாக இருந்தால் "ஒனக்கு வேற வேலையில்ல" என்று திரும்பிப் படுத்திருப்பான். வைகுண்டராஜ் அப்படியில்லை. அவள் மார்பில் கை வைத்தாலே அவர் முகம் வெளுத்துவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து டாக்டரிடம் கூட்டிப் போவார். கொடுத்து வைத்தவள் என்று தெருவே பொறாமைப்பட்டது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மதுரை டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து, கழுத்தில் துண்டைச் சுற்றுவதுபோல் உணவுக்குழாயைச் சுற்றித் தைத்துவிட்டார்கள். இனிப் புளித்த தண்ணீர் மேலே வராது. கூடவே ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. காற்று உள்ளே போனால் உள்ளேயே கிடந்து வதைக்கும். உள்காயம் ஆறும் வரை வடிகட்டிய கஞ்சிதான். சோடா பக்கமே போகக் கூடாது. படியேறக் கூடாது.

தேனியில் வீடு கடைக்கு மேல், செங்குத்தான படி. "ஓடைப்பட்டித் தோட்டத்து வீட்டுல மதினி தனியாத்தான இருக்காக, அங்கன போவோம்" என்று கௌமாரிதான் சொன்னாள். மாமனார் காலத்துத் திராட்சைத் தோட்டம் அது. இத்தனை வருஷத்தில் அவளை அங்கே ஒரு தடவைகூட அவர் கூட்டிப் போனதில்லை. பாம்பு கிடக்கும், மருந்து அடிக்கிறார்கள், ரோடு சரியில்லை என்று ஏதாவது சொல்வார். இந்தத் தடவையும் மழுப்பினார். தரைவீடுதான் நல்லது என்று டாக்டரே சொன்னதும் வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

வீட்டை நாலு பக்கமும் திராட்சைப் பந்தல் மூடியிருந்தது. வெளியே பளீரென்று வெயில் அடித்தாலும் வாசலில் பொழுது சாய்ந்த வெளிச்சம்தான். பழுத்த பன்னீர்த் திராட்சையின் புளிப்பு வாசம் சுவரிலேயே ஊறியிருந்தது. வைகுண்டராஜின் அக்கா பூமாரி, புருஷனை இழந்தவள், ஓடிவந்து கௌமாரியின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"வா ஆத்தா, பையக் கால எடுத்து வையி."

பிறகு தம்பி பக்கம் திரும்பி, குரலை அடக்கிக்கொண்டு, "இவள இங்கனயா கூட்டியாந்தலே?" என்றாள். அவர் தலையணைகளை எடுக்கப் போனார். சீக்காளியைத் தன் தலையில் கட்டுகிறானே என்ற சலிப்பு என்று கௌமாரி நினைத்துக்கொண்டாள்.

முன்னறையில் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக விழுங்குவதே பெரிய வேலை. ஒவ்வொரு வாயும் நெஞ்சுக்குழியில் நின்று, யோசித்து, பிறகுதான் கீழே இறங்கும். அன்று மதியம் பழம் பார்க்க வைகுண்டராஜ் தோட்டத்துக்குள் போயிருந்தார். பூமாரி வேலையாட்களுக்கு மோர் கொண்டுபோயிருந்தாள். பந்தலுக்குள் இலைகூட அசையவில்லை.

டப். டப். டப்.

யாரோ மார்பைத் தட்டிக்கொள்ளும் சத்தம். கௌமாரி பழக்கத்தில் தன் கையைத்தான் பார்த்தாள். கை மடியில் கிடந்தது.

தட்டிய பிறகு ஒரு முக்கல். தொண்டைவரை வந்து, அங்கேயே மாட்டி, திரும்பி உள்ளே இறங்கும் காற்று. பதினோரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியவளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்பம் வராமல் யாரோ தவிக்கிறார்கள்.

சத்தம் தலைமாட்டிலிருந்து வந்தது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவர் மட்டும் இருந்தது. சுவரிலிருந்து எலுமிச்சையும் உப்பும் கலந்த வாசம் வந்தது.

பூமாரி திரும்பி வந்ததும் சொன்னாள். பூமாரியின் கையிலிருந்த மோர்ச்செம்பு சாய்ந்து தரையெல்லாம் கொட்டியது. "பந்தல்ல அணிலு ஓடியிருக்கும், ஆத்தா" என்றாள். அணில் எங்கேயாவது மார்பைத் தட்டுமா? சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. "பழம் லோடு போகவும் தேனிக்கே போயிருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்.

தள்ளிப் போட்டால் சத்தமும் தள்ளி வந்தது. மதியமானால் கட்டிலைச் சுற்றி நடக்கும். நிற்கும். தட்டும். வராது. மறுபடி தட்டும். பயத்தைவிடப் பாவமாகத்தான் இருந்தது கௌமாரிக்கு. "விட்டுரு தாயி, வந்துரும்" என்று ஒரு தடவை வாய்க்குள் முணுமுணுத்தாள்.

சத்தம் சட்டென்று நின்றது.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று கண் அயர்ந்து விழித்தபோது ஸ்டூலில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. நிறையச் சோடா. இப்போதுதான் உப்புப் போட்டதுபோல் நுரை மேலே பொங்கிக்கொண்டிருந்தது.

"மதினி, எனக்குச் சோடா ஆகாதுன்னு சொன்னேன்ல?"

பூமாரி எட்டிப் பார்த்தாள். "நான் வைக்கல, கௌமாரி. இங்கன சோடாவுக்கு நான் எங்க போவேன்?" சேலைத் தலைப்பால் டம்ளரைச் சுற்றிப் பிடித்து, வெளியே கொடிக்கு அடியில் கவிழ்த்தாள். தோட்டத்து மண் அதை உறிஞ்சும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

லோடு ஏற்றும் நாள் வந்தது. கேரளா போகும் லாரி வாசலில் நின்றது. பெட்டி பெட்டியாகப் பழம் ஏறிக்கொண்டிருந்தது. வைகுண்டராஜ் வெளியே நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் பழம் உடைந்துவிடும் என்ற பதற்றம் அவருக்கு.

அப்போதுதான் கௌமாரிக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. கஞ்சியோடு காற்றையும் விழுங்கியிருக்கிறாள்போல. உள்ளே போன காற்று விலா எலும்பை முட்டியது, நெஞ்சை அடைத்தது. வெளியே விட வழியில்லை. நெற்றி வியர்த்தது. தையல் போட்ட இடத்தில் சுருக்கென்று குத்தியது.

"என்னாங்க... நெஞ்ச அடைக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

வைகுண்டராஜ் உள்ளே ஓடிவந்தார். பார்த்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் வாசலுக்கும் கட்டிலுக்குமாக ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனார். காரை எடுக்கத்தான் போகிறார் என்று கௌமாரி கால்களைக் கீழே இறக்கினாள். இந்த மனிதர் இருக்கும்போது தனக்கென்ன என்ற தைரியம் அப்போதும் அவளுக்கு இருந்தது.

அவர் திரும்பி வந்தார். கையில் டம்ளர். லோடு ஏற்றுகிறவர்களுக்கு வாங்கிவந்த சோடாவில் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, கலக்கிக்கொண்டே வந்தார். டாக்டர் படம் போட்டுச் சொன்னதெல்லாம் அந்த ஹாரன் சத்தத்தில் பறந்து போயிருந்தது.

"ஒன்னுமில்ல சாராளு, வாய்வுதான். இதக் குடிச்சிட்டுப் படு. லோடு கெளம்பவும் போவோம்."

சாராளு. கௌமாரி கேட்டறியாத ஒரு பெண்ணின் பேர்.

சொன்னவனுக்கே தான் சொன்னது தெரியவில்லை. ஆம், சொன்னவன். இதற்குமேல் அவனுக்கு என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது?

டம்ளர் அவள் உதட்டருகே வந்தது. அப்போது அவள் காதோரத்தில் எலுமிச்சை வாசத்தோடு ஒரு மூச்சு பட்டது. ஒரு பெண்ணின் குரல். சண்டைக்கு வருகிற குரல் இல்லை. தோற்றுப்போன குரல்.

"எங்கிட்டயும் இதேதான் சொன்னாக."

கௌமாரி டம்ளரைத் தட்டிவிட்டாள். அது உடைந்த சத்தம் அடங்கும் முன் அந்த அறையில் ஓர் ஏப்பம் கேட்டது. நீளமான, ஆழமான ஏப்பம். நெஞ்சில் பல வருஷம் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறுவதுபோல் வந்துகொண்டே இருந்தது.

கௌமாரியின் வாய் மூடியிருந்தது.

வைகுண்டராஜ் பார்த்துக்கொண்டிருந்தது அவளை இல்லை. அவள் தோளுக்குப் பின்னால்.

பூமாரிதான் வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். "நீ லோட ஏத்துலே, நல்லா ஏத்து" என்று தம்பியைப் பார்த்துக் கத்திவிட்டு, பெட்டி இறக்க வந்திருந்த லோடு ஆட்டோவில் கௌமாரியை ஏற்றி, தானும் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். சின்னமனூர் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள்.

சாராள் போடிக்காரப் பிள்ளை. வேதக்காரக் குடும்பம். வைகுண்டராஜ் ஆசைப்பட்டு, சர்ச்சில் போய்க் கட்டிக்கொண்டு, இந்தத் தோட்டத்து வீட்டில்தான் குடித்தனம் வைத்தான். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதேபோல் பழம் ஏற்றுகிற நாளில் நெஞ்சு எரிகிறது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினாள். வாய்வு என்று சோடாவைக் கொடுத்துவிட்டு லோடு ஏற்றினான். லாரி சின்னமனூரைத் தாண்டும் முன் அவள் மூச்சு நின்றுவிட்டது. வந்தது வாய்வு இல்லை, மாரடைப்பு.

மூத்தவள் இறந்துபோன வீட்டுக்கு இரண்டாவதாக வாக்கப்படுகிறவள், மூத்தவள் பேரில் ஒரு காசைத் தன் தாலியோடு கோர்த்துப் போட்டுக்கொள்வாள். உனக்கும் இங்கே இடமிருக்கிறது என்று செத்தவளிடம் சொல்கிற முறை அது. கௌமாரிக்கு யாரும் அப்படி ஒரு காசைப் போடவில்லை.

"காசு போட்டா யாருக்கு, என்னத்துக்குன்னு நீ கேப்ப. மூத்தவ ஒருத்தி இருந்தாள்னு தெரிஞ்சா ஒங்க வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டாக. அவ வேதக்காரப் பிள்ளதான, அவளுக்கு எதுக்குக் காசுன்னு எங்காத்தாளே சொல்லிருச்சு. நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன், கௌமாரி."

கௌமாரிக்கு நெஞ்சு அடைத்தது. இந்தத் தடவை காற்றினால் இல்லை. வெளுத்துப்போகும் அந்த முகம், பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பது, கட்டிலுக்குக் கீழே விரித்த பாய், எல்லாம் தனக்காக என்றுதானே தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்? ஒன்றுகூட அவளுக்காக இல்லை. பிரியம் என்று அவள் பதினோரு வருஷம் சாப்பிட்டது ஒருவனுடைய பயத்தை. அந்தப் பயமாவது உண்மையா என்றால், ஒரு ஹாரன் சத்தத்துக்குத் தாங்கவில்லை. சாராள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய ஆள்மேல் எல்லாம் சேர்ந்து வந்தது.

சின்னமனூர் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காற்றை இறக்கினார்கள். சோடாவைக் குடித்திருந்தால் தையல் பிரிந்திருக்கும், உயிருக்கே மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். அங்கிருந்து அவள் தோட்டத்துக்கும் போகவில்லை, தேனிக்கும் போகவில்லை. வீரபாண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உடம்பு தேறியதும், சாராளுக்குக் கொடுக்காமல் விட்ட காசை நாமாவது போடுவோம் என்று தோன்றியது. வைகுண்டராஜுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நகை ஆசாரியின் பட்டறைக்குத் தானும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். "காசப் போட்ரு, எல்லாஞ் சரியாயிரும். நம்ம வீட்டுக்குப் போவோம், கௌமாரி" என்று அவன் கெஞ்சுவதை அவள் காதில் வாங்கவில்லை. சங்கிலியைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்தாள்.

"மூத்தா பேருல ஒரு காசு கோக்கணும்ணே."

ஆசாரி சங்கிலியை விளக்கடியில் பிடித்துப் புரட்டினார். "இன்னொண்ணு எதுக்குத்தா? அதான் ஏற்கெனவே கெடக்கே" என்றார்.

அவள் தாலிக்குப் பக்கத்தில் வேறொரு தாலி கோர்த்திருந்தது. நடுவில் சின்னதாக ஒரு சிலுவை. காலையில் குளித்துவிட்டுத் தன் கையால் துடைத்துப் போட்டபோது அது அங்கே இல்லை. ஓரமெல்லாம் தேய்ந்து, இடுக்கில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது.

பெஞ்சு தடாலென்று சாய்ந்தது. வைகுண்டராஜ் சுவரோடு ஒட்டி நின்றான்.

"அது... அத அவ கழுத்தோடதான பொதச்சேன்."

கௌமாரி கையை நீட்டி அந்தச் செம்மண்ணை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். அவளுக்குப் பயமாக இல்லை. பதினோரு வருஷத்தில் தன்னிடம் உண்மையைச் சொன்னது இந்தச் சாராள் ஒருத்திதான் என்று தோன்றியது.

"அண்ணே, இவரு கட்டுனதக் கழட்டி இவரு கையிலேயே குடுத்துருங்க" என்றாள். "அது மட்டும் கெடக்கட்டும்."