ஒத்திகைக்குத் தையல் கிடையாது

சிதம்பரத்தில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு எழுதுவது இது. ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் நாளைக் காலையில் நாக்கில் கொப்புளம் கிளம்பட்டும். நம்பாதவர்கள் மஞ்சக்குப்பம் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அங்கே மைதானத்துக்குப் பின்புறம் ஒரு பழைய மாடி வீட்டை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். ஐப்பசி மழை கொட்டிய ஒரு பிற்பகலில், சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, முழங்கால்வரை நனைந்துபோய் அங்கே வந்து சேர்ந்தாள் டாக்டர் சிந்துஜா. மறுநாள் காலை அவள் தனியாகச் செய்யப்போகும் முதல் பெரிய ஆபரேஷன். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வறுக்கும் தைலம்மாளுக்கு ஈரலில் கட்டி. அது பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கத்தி ஒரு நூல் பிசகினால் தைலம்மாள் இல்லை.

அதற்குத்தான் ஒத்திகை. மாடியின் கோடி அறையில் ஒரு கருவி. முகத்தை அடைத்துக் கட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி. மாட்டிக்கொண்டால், தைலம்மாளின் ஸ்கேனிலிருந்து எடுத்த அதே வயிறு, அதே ஈரல், அதே கட்டி கண்ணெதிரே கிடக்கும். வெட்டினால் ரத்தம் வரும். தப்பாய்ப் போனால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

முதல் தடவை குழாய் கிழிந்தது. இரண்டாம் தடவையும் கிழிந்தது. மூன்றாம் தடவை கட்டி சுத்தமாகக் கையோடு வந்துவிட்டது. சிந்துஜா கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தாள்.

“தையல் போடலியா மேடம்?” என்றான் கருவியைப் பார்த்துக்கொள்ளும் அன்புமணி.

“ஒத்திகைக்கு யாருய்யா தையல் போடுவா? அத நான் தூக்கத்துலயே போடுவேன்.”

“அதுவும் சரிதான். நாடகத்துல செத்தவனுக்குக் கருமாதியா பண்றாங்க?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். தைலம்மாளுக்கு பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறதாம்.

தைலம்மாள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

“டாக்டரம்மா, வவுறு தொறந்தே கெடக்குது. உள்ள காத்து போவுது.”

சிந்துஜா துணியை விலக்கினாள். ஒரு கீறல்கூட இல்லை. தொட்டுப் பார்த்தாள். மார்ச்சுவரி மேஜையைத் தொட்டது போலிருந்தது.

“மூணு வாட்டி தொறந்தீங்க,” என்று தைலம்மாள் கிசுகிசுத்தாள். “ரெண்டு வாட்டி நான் செத்துட்டேன். மூடாமயே போயிட்டீங்களே.”

ஒத்திகையைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மருந்து ஏற்றினார்கள். பிரஷர் இறங்கியது. இன்னும் ஏற்றினார்கள். இன்னும் இறங்கியது. காலை ஆபரேஷன் இருக்கட்டும், விளக்கு வைக்கும்வரை அவள் தாங்குவாளா என்பதே சந்தேகம். சிந்துஜா மாடிப்படி ஏறினாள்.

“கரண்டு போச்சு மேடம். ஜெனரேட்டரைப் போட்டுட்டு வந்துடுறேன்,” என்று எதிரே இறங்கிப் போனான் அன்புமணி.

கோடி அறை மழை இருட்டில் கிடந்தது. கருவியின் திரை அணைந்திருந்தது. மேஜைமேல் கண்ணாடி.

அதன் உள்ளே மட்டும் வெளிச்சம் எரிந்தது.

மாட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தது வாசனை. முந்திரித் தோடு கருகும் புகை, தொண்டையைக் கமறவைத்தது. அந்தக் கருவிக்கு வாசனை காட்டத் தெரியாது.

பிறகு சத்தம். ஈரத் துணி மூச்சு விடுவது போல ஒரு சத்தம்.

பிறகு மேஜைகள்.

மூன்று மேஜைகள். மூன்று தைலம்மாள்கள். மூன்று வயிறும் பிளந்தபடி.

ஒன்றும் அழிந்திருக்கவில்லை.

இரண்டு பேரின் கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. மூன்றாமவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“நூலு எங்கம்மா?”

ஊசி எப்படிக் கைக்கு வந்ததென்று சிந்துஜாவுக்குத் தெரியாது. செத்தவர்களிடமிருந்து தொடங்கினாள். அவள் இடதுகைக்காரி, போடும் முடிச்செல்லாம் இடப்பக்கம் சாய்ந்து விழும். ஒவ்வொரு குத்துக்கும் பிளாஸ்டிக் பிடி கொழகொழத்துச் சுட்டது. மூன்றாவது மேஜைக்கு வந்து பாதி தைத்திருப்பாள்.

பின்னாலிருந்து யாரோ அவள் தலையைத் தடவினார்கள்.

முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பொரிந்துபோன விரல்கள். முன்னால் படுத்திருந்தவளின் கைகள் இரண்டும் மேஜைமேல்தான் இருந்தன.

“நெருக்கிப் போடு கண்ணு. காத்து பூந்துடப் போவுது.”

சிந்துஜா திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இந்தக் கதையை முடிக்க ஆள் இருந்திருக்காது. கடைசி முடிச்சு விழுந்ததும் வெளிச்சம் அணைந்தது.

“என்ன மேடம், கரண்டு வர்றதுக்குள்ள மாட்டிக்கினு நிக்கிறீங்க?” வாசலில் அன்புமணி.

கீழே தைலம்மாள் எழுந்து உட்கார்ந்து, டீ கேட்டு நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தியேட்டரில் அவள் வயிற்றுத் தோல் பழுதில்லாமல் இருந்தது. சிந்துஜா கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தோல் விலகியது. கை அப்படியே நின்றுவிட்டது.

அடியிலிருந்த வெள்ளைப் படலத்தில் பக்கம் பக்கமாக மூன்று தையல் வரிசை.

முடிச்செல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

“முன்னாடியே ஆபரேஷன் ஆன கேஸா? ஷீட்ல போடலியே,” என்றார் மயக்க மருந்து டாக்டர். சிந்துஜா கத்தியை மறுபடி இறக்கினாள். கட்டியைப் பிசகாமல் எடுத்தாள். தையலை மட்டும் வேறு யாரையும் தொடவிடவில்லை. நெருக்கி நெருக்கிப் போட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று தைலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இது நல்லா போட்டுருக்கீங்கம்மா. பழசு மூணும்தான் மழ பேஞ்சா ஜாஸ்தியா இழுக்குது.”

ஒரு தகவல் விட்டுப்போயிற்று. அந்த ஒத்திகைக் கருவி மஞ்சக்குப்பத்துக்கு வந்து இறங்கியதே, தைலம்மாள் ஊருக்குப் போன மறுமாதம்தான்.