பன்னிரண்டாவது துடுப்பு

பவுலினின் உள்ளங்கைகளில் கொப்புளம் போட்டிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சலில் பாயைவிட்டு எழாத எட்டு வயதுப் பெண்ணுக்குக் கை எப்படிக் கொப்பளிக்கும்?

"தூக்கத்துல எதையோ புடிச்சு இழுத்துக்கினே இருக்கா," என்றாள் அவள் அம்மா மௌரீன். "நான் போயி டாக்டர கூட்டினு வரேன். அவள விட்டு நகராதீங்க."

மழையில் அவள் குடை மறைந்தது. ரெமிஜியஸ் எங்கே நகர்வது? ஜோகுபாளையத்து அந்த ஒற்றை அறையில் மகளின் பாய்க்கும், அவன் மாதாகோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசும் பலகைக்கும் இடையே நாலடிகூட இல்லை. பலகைமேல் கண்டோன்மென்ட் துரையின் மரப்படகு இருந்தது. யுத்தத்துக்குப் போனபோது எகிப்தில் வாங்கியதாம். ஏதோ கல்லறையில் பிணத்தோடு வைத்தது. செத்தவனுக்கு மறுஉலகில் படகு வலிக்கப் பன்னிரண்டு மரப்பொம்மைகள். கூப்பிட்டதும் எழுந்து வேலை செய்யவேண்டும் என்று துரை சிரித்துக்கொண்டே சொன்னார். ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. அதற்குப் பதில் ஒன்று செய்யத்தான் இவனிடம் கொடுத்தார்.

கோயிலில் சிறகு விரித்த சம்மனசுகளுக்கு மகளின் முகத்தை எழுதி, அடியில் அவள் பெயரையும் எழுதுவது ரெமிஜியஸின் வழக்கம். ஆசீர்வாதம் பெயரைத் தேடி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கை பழகிவிட்டது. மூன்று நாள் முன்பு செய்து முடித்த இந்தப் பொம்மைக்கும் அதே முகம்தான், தாடை மச்சம் உட்பட. அடியில் பெயர்.

மதியம் மூன்று மணிக்கே அறை இருட்டியிருந்தது. டர்ப்பன்டைன் நெடியையும் கூரையில் ஒழுகிய மழையின் ஓட்டு வாசனையையும் மீறி, ஆற்றுச் சேற்றின் வீச்சம் பாயிலிருந்து மெல்ல எழுந்து அவன் தொண்டைவரை வந்தது. இந்த ஊரில் ஆறே கிடையாது. பிறகு சத்தம். தண்ணீரை மரம் தள்ளும் சத்தம், நின்று, மறுபடி தள்ளும் சத்தம். பவுலினின் தோள்கள் அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்தன.

"பாப்பா?"

"கூப்ட்டாங்கப்பா." அவள் கண் திறக்கவில்லை. "வந்துட்டேன்னு சொன்னேன். கை வலிக்குது."

பொம்மையின் அடியில் எழுதிய பெயர் அவன் நினைவுக்கு வந்தது. உளியை எடுத்துப் பொம்மையின் கன்னத்தைச் சுரண்டினான். பாயில் பவுலின் வீறிட்டாள். அவள் கன்னத்தில் ரத்தக் கோடு.

உளி கீழே விழுந்தது. சுரண்டக்கூடாது. மூடலாம். தூரிகையை எடுத்து, மகளின் முகத்தின்மேல் தன் முகத்தை எழுதினான். மீசை. நெற்றித் தழும்பு. அடியில் அவள் பெயரை மூடித் தன் பெயர். என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு. வாய்விட்டே சொன்னான்.

தோள்கள் நின்றன. பவுலின் சீராக மூச்சுவிட்டாள். அவன் உள்ளங்கைகள் எரிந்தன. பார்த்தான். கொப்புளம். சந்தோஷத்தில் அழுதான்.

தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்டது. அவன் தோள்கள் தாமாக முன்னே சாய்ந்தன. பின்னே. முன்னே.

பாயிலும்.

அவன் படகைப் பார்த்தான். அவனுடைய பொம்மைக்குப் பின்னால் ஒரு பழைய பொம்மை. அவன் தூரிகை தொடாதது. அதன் தாடையில், ஈரம் காயாமல், ஒரு மச்சம்.