அரை மணியில் நிறைந்த பற்றரி

2008. வெள்ளவத்தை. பிற்பகல் நான்கு மணி.

பிணத்தின் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது...

வத்தளையிலிருந்து மனைவி பத்மாவதி. நான்காவது தடவை. எடுத்துப் பேசவேண்டிய லொட்ஜ் முதலாளி நாகேந்திரம் கட்டிலில் விறைத்துக் கிடந்தார். போனிலிருந்து சார்ஜர் வயர் சுவர்வரை ஓடியது.

"கரண்ட் அடிச்சிட்டுது சேர்," என்றார் இன்ஸ்பெக்டரிடம், பத்மாவதியின் தம்பி சவுந்தரநாயகம். கண்ணீரே வராத கண்ணை நன்றாகத் துடைத்தார். "மூண்டரைக்குத்தான் நான் வந்தனான். அத்தான் சார்ஜ் முழுக்க இறங்கின போனை என்ரை கண்ணுக்கு முன்னாலை சார்ஜிலை போட்டவர். அப்பிடியே சரிஞ்சிட்டார். நேற்றுப் பற்றரி மாத்தினது இவன்தான்."

அவர் காட்டியது பேர்னாட்டை. கொட்டாஞ்சேனையில் போன் திருத்துகிறவன். பற்றரி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்து பிணத்திடம் மாட்டிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஸ்ரனிஸ்லாஸ் அவனுடைய பையைக் கவிழ்த்தார்.

வயர்கள்... பற்றரிகள்...

"உன்னை உள்ளுக்குப் போட இது காணும்."

யுத்தம் நடந்த அந்த நாட்களில், குண்டு செய்கிறான் என்று வயரோடு உள்ளே போன தமிழன் எப்போது வருவான் என்று கேட்கவும் ஆளிருக்காது. பேர்னாட்டுக்கும் அது தெரியும். ஆனாலும் தொழில் தெரியாதவன் தொழிலைப் பற்றி அளப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. சார்ஜர் ஊசியைக் கழற்றி நாக்கில் வைத்தான்.

"டேய்... விடடா!"

"அஞ்சு வோல்ட் சேர். சுவரிலை இருநூற்று முப்பது. சார்ஜர் குறைச்சுத்தான் விடும். இது எறும்பையும் கொல்லாது."

"அப்ப என்னெண்டு செத்தவர்?"

"அதை டொக்டர் சொல்லட்டும். நான் போனைச் சொல்லுறன். பற்றரி நிறைஞ்சிட்டுது எண்டு காட்டுது, பாருங்கோ. முதல் கொஞ்சம் வேகமா ஏறும். நிறையப் போகேக்கை சொட்டுச் சொட்டாத்தான் ஏறும், இல்லாட்டி பற்றரி ஊதிப்போகும். இறங்கின பற்றரி நிறைய ரெண்டரை மணித்தியாலமாவது வேணும். மூண்டரைக்குப் போட்டது நாலுக்கு எப்பிடி நிறையும்? ஒரு மணி போலை ஆரோ போட்டிருக்கினம்."

"கதை விடுறான் சேர்," என்று சிரித்தார் சவுந்தரநாயகம்.

ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. லொட்ஜ் வாசலில் இருந்த கொப்பியை எடுப்பித்தார். பொலிஸ் பார்ப்பதற்கென்று வைத்த கொப்பி. பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம் எழுதாமல் எந்தத் தமிழனும் படியேற மாட்டான். எழுதியெழுதிக் கை பழகிவிட்டது.

12.50. சவுந்தரநாயகம்.

அட்டை இலக்கம் துப்புரவாக. கையெழுத்துக்கூட அழகு.

கொல்ல வந்த மகராசன் பதிந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்!

சவுந்தரநாயகம் கதிரையில் பொத்தென்று இருந்தார். "லொட்ஜை என்ரை பேருக்கு எழுதமாட்டன் எண்டவர் சேர்... தலையணையாலை..."

விலங்கு விழுந்தது.

பேர்னாட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பையைப் பொறுக்கிக் கட்டினான்.

"அப்ப நான் போகட்டே சேர்?"

ஸ்ரனிஸ்லாஸ் கொப்பியின் மேல் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழ்வரை... மறுபடியும் ஒருமுறை...

"உன்ரை பேர் இல்லையே?"

"வாசல்லை ஒருத்தரும் இல்லை சேர்... அப்பிடியே ஏறிட்டன்..."

"கொலைகாரன் ஒழுங்காப் பதிஞ்சிட்டு வந்திருக்கிறான். நீ பதியேல்லை. ஜீப்பிலை அவருக்குப் பக்கத்திலை ஏறு."