ஜெய்சல்மேர் கல்லில் மூன்று விரல்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சூடத்தை ஏற்றிக் கொடுங்கள், கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

மும்பை செம்பூரில் அந்தப் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் இன்னும் வரவில்லை. மூன்றாவது நாளாக நாற்பது கிலோ பாலிஷ் மெஷினை ஏழாம் மாடிக்குச் சுமந்து ஏறிய இசக்கிதுரை, ஹால் வாசலில் அதை இறக்கியதும் பல்லைக் கடித்தார். வாசற்கல்லில் நேற்றுத் தேய்த்து அழித்த தடம் இன்று ஒரு கல் உள்ளே தள்ளி இருந்தது. மூன்று விரல். முழங்கை நீளம்.

கான்ட்ராக்டர் சைஃபுக்குப் போன் போட்டார்.

“பாய், மறுபடியும் விழுந்திருக்கு.”

“காக்கா மிதிச்சிருக்கும் அண்ணாச்சி.”

“முழங்கை நீளத்துக்குக் காக்காவா? நீங்க வளக்கியளா?”

“அது ஜெய்சல்மேர் கல்லு. பதினெட்டுக் கோடி வருசத்துக்கு முன்ன சேறாக் கெடந்தது. டைனோசர் மிதிச்சிருக்கும், தேய்ங்க. சாயங்காலம் வீட்டுக்கார சேட் வர்றாரு. ஒத்தத் தடம் இருந்தாலும் நாளைலேருந்து வேற ஆளு. இந்தக் கிட்கிட், தொல்லையே வேணாம்.”

உள்சுவரில் தொடங்கி, பின்பக்கமாகவே நடந்து வாசலில் முடிப்பதுதான் பாலிஷ் வேலை. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் செய்தார். இன்று அந்தத் தடத்தின் மேல் இருந்த ஆத்திரத்தில் வாசலிலேயே தொடங்கினார்.

மெஷின் உறுமியது, கல்தூள் தண்ணீரில் குழைந்து மஞ்சள் பாலாக ஓடியது, ஜூலை மழை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, பகல் பதினொரு மணிக்கே ஹால் இருண்டு கிடந்தது, சிமெண்ட் வாசனைக்கு அடியிலிருந்து மான்குர்த் கழிமுகச் சேறு போல, அதைவிடப் பழையதாய், ஓர் ஈர நெடி மெல்ல எழுந்தது.

தடம் அழிந்தது. ஓரடி பின்வாங்கினார். அடுத்த கல்லில் இருந்தது. தேய்த்தார். அதற்கடுத்த கல்லில். விரல்கள் அவரைப் பார்த்தே இருந்தன.

“சனியனே, ஒரு எடத்துல நில்லு.”

மெஷினை நிறுத்தினார். உறுமல் நிற்கவில்லை.

ஓரடி பின்னால். இன்னோரடி. முதுகில் சுவர். வாசல் அந்தக் கோடியில். போன் அடித்தது. எடுக்கவில்லை. வெறுங்காலுக்கு அடியில் கல் குளிர்ந்தது.

குழைந்தது.

சாயங்காலம் சேட்டும் சைஃபும் வந்தார்கள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. சேட் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். மூன்று விரல் எங்கேயும் இல்லை. உள்சுவர் ஓரம் மட்டும், கல்லுக்குள் ஆழமாக, மனிதப் பாதம் இரண்டு. பத்து விரலும் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்தக் குழிக்குள்ளும் பாலிஷ் பளபளத்தது.

அங்கே சோபா போட்டுவிடலாம் என்றார் சைஃப்.

ஏழாம் மாடி இருக்கிற அந்தக் கட்டடத்துக்கு மொத்தம் நாலு மாடி.