வளையாத நிழல்

"தப்புக் கணக்குப் போட்டேன்னு வேலையை விட்டுத் தூக்கறாங்க சார்! சாயங்காலம் உத்தரவு வந்துடும். என் அசல் கணக்கையும் கம்ப்யூட்டர்ல இருந்து யாரோ அழிச்சுட்டாங்க!"

துப்பறிவாளரின் அறைக்குள் பாய்ந்த அந்தப் பெண் கதவைக்கூடத் தட்டவில்லை. புயலை முன்கூட்டிச் சொல்லும் செயற்கைக்கோளுக்குப் பாதை கணிப்பவள். பழைய ராக்கெட் துண்டு ஒன்று மோதி அது தூள்தூளாகிவிட்டது. 'விலகத் தேவையில்லை' என்று அவள் கணக்கு சொன்னதாம். அடுத்தவர் தலையில் பழியைப் போடுவதென்றால் சிலருக்கு எவ்வளவு சுகம்!

துப்பறிவாளர் பதறவில்லை. வீட்டிலேயே அவருக்கு 'ஆமை' என்றுதான் பெயர். குதித்தது அவருடைய மச்சினன்தான். "கிளம்புங்க மாமா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்போம்!"

மூவரும் அவள் அலுவலகத்துக்குப் போனபோது, அவளுடைய பிரிவுத் தலைவர் நாற்காலியை விட்டு எழாமலே கணக்குப் படத்தை மேசைமேல் விட்டெறிந்தார். பூமியைச் சுற்றி வளைந்த பாதை. துண்டு இருக்கக்கூடிய இடமெல்லாம் ஒரு நீண்ட நிழல், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக. செயற்கைக்கோள் அதற்கு வெளியே இருந்தது.

"இது இந்தப் பொண்ணு போட்டதா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"பின்னே? துண்டு எங்கெல்லாம் இருக்கலாமோ அங்கெல்லாம் புள்ளி வச்சு, ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியா ஓடவிட்டுத்தான் எப்பவும் போடுவா. அவ கொடுத்ததை நானே வாங்கிக் கூட்டத்துல காட்டினேன். நடுவுல வேற யார் கையும் படல."

"அப்போ வசமா மாட்டிக்கிட்டீங்க" என்ற துப்பறிவாளர் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"துண்டோட வேகம் நமக்குத் துல்லியமாத் தெரியாது. அதனால ஒரு புள்ளி முந்தும், ஒண்ணு பிந்தும். ஆனா எல்லாமே பூமியைச் சுத்தித்தானே ஓடணும்? நாளாக ஆக நிழலும் பாதையோட சேர்ந்து வாழைப்பழம் மாதிரி வளையணும். இது விறைச்சுக்கிட்டு நிக்குது. ஒரே ஒரு புள்ளியை ஓடவிட்டு, சுத்தி இருக்கிற சந்தேகத்தை நேர்கோட்டுல இழுத்துவிட்ட குறுக்குவழி இது. வளைஞ்சிருந்தா செயற்கைக்கோள் நிழலுக்குள்ள வந்திருக்கும். இந்தப் பொண்ணு எப்பவும் புள்ளிகளை ஓடவிட்டுத்தான் போடுவான்னும், வேற கை படலன்னும் நீங்களே சொன்னீங்க; அப்போ படத்தை மாத்தினதும் அசலை அழிச்சதும் நீங்கதான்."

தலைவர் படத்தை அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அன்னிக்கு செயற்கைக்கோள் அனுப்பற படத்தை மேலிடத்துக்கு நேரடியாக் காட்டணும். செயற்கைக்கோளைப் பாதையை விட்டு விலக்கினா அந்தக் காட்சி நின்னிருக்கும்..."

"அட பாவி!" மச்சினன் கத்தினான். "இனி புயல் வந்தா யாருய்யா சொல்றது?"

தலைவர் அவள் பக்கம் திரும்பிக் குழைந்தார். "விடும்மா, தப்பு நடக்கிறது சகஜம். உத்தரவைக் கிழிச்சுடறேன். வெளியில மட்டும் சொல்லாதே."

அவள் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"தப்பை அளக்கறதுதான் சார் என் தொழில். எவ்வளவு தப்பு வரும், எவ்வளவு தூரம் பரவும், எல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லுவேன். நீங்க பண்ணது பொய். அதுக்கு என்கிட்ட கணக்கு இல்ல."

பேனாவைத் திறந்து அவர் முன்னால் ஓங்கி வைத்தாள்.

"எழுதுங்க. படத்தை மாத்தினது நான்தான்னு உங்க கையாலேயே எழுதுங்க."