சிக்னலுக்கு அப்பால் இருநூறடி

"யாருங்க இந்த சிக்னலுக்கு நேரம் குறிச்ச புண்ணியவான்?"

மழை சொட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கேட்டான் பஸ் டிரைவர். குடையைக் கழுத்தில் இடுக்கியபடி சந்திப்பில் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்த போக்குவரத்துப் பொறியாளர் நிமிர்ந்தாள்.

"புண்ணியவான் இல்ல, புண்ணியவதி. நான்தான்!"

சிரித்தான். நனைந்த இமைகளுக்குள் குறும்பான கண்கள்... பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"கோட்டைத் தாண்டுற வண்டியத்தானே எண்ணுறீங்க மேடம்? தாண்ட முடியாம பின்னாடி நிக்கிறத யாரு எண்ணுவா? சிக்னல் மேல தப்பில்ல. அதுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்ப பாருங்க. ரெண்டு பஸ் நின்னா, மூணாவது பஸ்ஸோட வாலு நடுச் சந்திப்புல!"

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல் சொல்லிவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. சிக்னல் நேரத்தை மறுபடி மாற்றும் அவள் திட்டம் ஆறு மாத உழைப்பு. வெள்ளிக்கிழமை அதற்கு ஒப்புதல் கூட்டம். பிசகினால் முதன்முதலாகத் தனியே கிடைத்த பொறுப்பு கைநழுவிவிடும்.

"நீங்க ஸ்டியரிங்க மட்டும் பாருங்க!" என்று வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் நிற்கும் வண்டிகளை எண்ணினாள். அவன் சொன்னது அத்தனையும் சரி! இவனிடம் போய்த் தோற்பதா? ரோஷம் ஒருநாள்தான் தாங்கியது. அடுத்த நாள் அவன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் நோட்டுடன் உட்கார்ந்து, ஒவ்வொரு பஸ்ஸும் ஸ்டாப்பில் நிற்கும் நேரத்தைக் குறித்தாள்.

"டிரைவரோட பேசக்கூடாதுன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன். அதான் பார்த்துட்டு மட்டும் இருக்கேன்..."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றாள். "என் கணக்குல தப்பு இருக்கு சார். சிக்னல மாத்த வேண்டாம், பஸ் ஸ்டாப்ப இருநூறடி தள்ளி வச்சா போதும். இதக் கண்டுபிடிச்சது ஒரு பஸ் டிரைவர்."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "டிரைவர் பேச்சக் கேட்டா ஆறு மாச வேலைய மாத்தற?"

"சரியா சொல்றவர் யாரா இருந்தா என்ன சார்?"

அவள் நீட்டிய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். ஸ்டாப் இடம் மாறிய அன்றே நெரிசல் கரைந்தது. ஒரே பச்சையில் வரிசை முழுவதும் தாண்டியது. அவன் பஸ்ஸும் நிற்காமல் போனது. ஜெயித்த சந்தோஷத்திலும் அவள் நெஞ்சு ஏனோ கனத்தது.

மாலையில், டியூட்டி முடிந்து சந்திப்புக்கு நடந்தே வந்தான்.

"மூணு வாரமா இங்க அஞ்சஞ்சு நிமிஷம் மாட்டிக்குவேன். அந்த அஞ்சு நிமிஷமும் உங்களத்தான் பார்ப்பேன். இப்ப கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள தாண்டிடுறேன்... என் பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்!"

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்களாம்?"

"நீங்க தோத்துடக் கூடாதுல்ல..."

அவளுக்குக் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் தடுமாறவில்லை.

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து எங்க அப்பா முன்னால நில்லுங்க... எவ்வளவு நேரம் ஆனாலும் சரி!"