எஃப் என்றால் ஃபிட்டிங்

கிக்கரை மிதித்ததும் கால் வழக்கத்தைவிட லேசாகக் கீழே போனது. அரைவேக்காடுகூட அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். இவனுக்கு எதிலும் சந்தேகம் வந்ததே கிடையாது. தெருமுனை மெக்கானிக்கை "ஸ்பேனர் பிடிச்ச கழுதை" என்று ஏசிவிட்டு, வீடியோ பார்த்து, முன்னறையிலேயே பைக் இன்ஜினைப் பிரித்து மாட்டிய மகாமேதை அல்லவா! உள்ளே சுழலும் மேக்னட்டில் T, F என்று இரண்டு குறிகள் உண்டு. T-யில் நிறுத்தித்தான் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை மாட்ட வேண்டும்; F என்பது ஃபயர், தீப்பொறி விழும் இடம். "எஃப்னா ஃபிட்டிங், இதுகூடத் தெரியாதா?" என்று மனைவிக்குப் பாடம் எடுத்துவிட்டு F-இல் மாட்டினான். ஸ்டார்ட் ஆன வேகத்தில் உள்ளே இரும்போடு இரும்பு மோதி, இன்ஜின் அடங்கிப்போனது.

வால்வு வளைந்தால் சரியாக மூடாது, காற்று கசியும், சைலன்சரில் காது வைத்தால் கேட்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பெட்ரோல் வாடையும் கருகிய ஆயில் நாற்றமும் தேங்கிய அந்த மதியப் புழுக்கத்தில், மின்விசிறியின் முனகலுக்கு நடுவே, அவன் குனிந்து காதை வைத்துக் கிக்கரைக் கையால் அழுத்தினான். நெஞ்சில் சளி கட்டிய குழந்தை இழுப்பதுபோல ஈரமாக ஒரு மூச்சு வந்தது. அதே நேரம், உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளிடமிருந்தும் அதே இழுப்பு கேட்டது.

கையை எடுத்தான். இரண்டும் நின்றன.

"என்னங்க! பாப்பா மூச்சு விடல! ஓடி வாங்க!"

ஓடினான். மூன்று வயதுக் குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று திரும்பி வந்து, தானே கொன்று வைத்த பைக்கை மிதித்தான், அறிவுகெட்டவன்.

"வந்துடுச்சு! மூச்சு வந்துடுச்சு!" என்றாள் மனைவி.

காலை எடுத்தான்.

"ஐயோ, நின்னுடுச்சுங்க!"

மிதித்தான். இழுத்தது. நிறுத்தினான். நின்றது. மறுபடி மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான். மனைவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பிறகு, அவன் கத்திச் சொன்னதால், அதே தெருமுனை மெக்கானிக்குக்கும்.

முதலில் வந்தது மெக்கானிக்தான். வாசலிலேயே நின்று ஏளனமாகப் பார்த்தான்.

"காலை எடுங்க சார். அதான் செத்துப்போச்சே, இன்னும் ஏன் போட்டு மிதிக்கிறீங்க?"

"எடுத்தா என் பொண்ணு செத்துடுவாப்பா!"

"நல்லாத்தான் இருக்கு கதை. வால்வைக் கெடுத்ததும் இல்லாம..." மெக்கானிக் உட்கார்ந்தான். "கசிவு எப்படின்னு பாத்துடலாம், இருங்க." எல்லா இன்ஜினுக்கும் செய்கிற வேலைதான். உள்ளங்கையால் சைலன்சர் வாயை இறுக்கி அடைத்தான்.

"வேண்டாம்! கையை எடு!"

உள்ளறையில் கட்டில் படபடவென்று அடித்துக்கொண்டது. மனைவி அலறினாள். மிதித்தான். வெறியோடு மிதித்தான். கட்டில் ஓய்ந்தது.

மெக்கானிக்கின் முகத்தில் ஏளனம் செத்திருந்தது. கையை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"சார்... உள்ளேர்ந்து ஏதோ கடிக்குது சார். சின்னச் சின்னப் பல்லு."